சிறப்பு விருந்தினர் வரும்வரை

என் மச்சான் எந்த நிகழ்ச்சியையும் சுவரொட்டியில் போட்ட நேரத்துக்குத் தொடங்கியதில்லை. ஈப்போவில் அவருடைய கச்சேரிகளுக்கு வந்து பழகியவர்கள் அதைத் தெரிந்துதான் வீட்டிலிருந்து கிளம்புவார்கள். ஏழு மணி என்று போட்டிருந்தால், குளித்து, சாப்பிட்டு, பிள்ளைகளுக்கு உடுத்திவிட்டு, எட்டு மணிக்கு வந்து உட்கார்வார்கள். அப்போதும் திரை மூடித்தான் இருக்கும். அவர் சோம்பேறி அல்ல. காலையிலேயே மண்டபத்துக்குப் போய், நாற்காலிகளை வரிசை பிடித்து, ஒலிபெருக்கிக்காரரோடு சண்டை போட்டு, எல்லாவற்றையும் தயாராக வைத்திருப்பார். காத்திருப்பது ஒருவருக்காக மட்டும்தான்: முன்வரிசையில், வெள்ளை உறை போட்ட நாற்காலியில் வந்து உட்கார வேண்டிய சிறப்பு விருந்தினருக்காக.

அவர் என் மனைவியின் அண்ணன். இருவரும் சிம்பாங் பூலாய்க்கு அப்பால் இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் பிறந்தவர்கள். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். அம்மா களை பிடுங்கும் வெளிக்காட்டு வேலைக்குப் போனார். தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது குடும்பம் ஈப்போவில் புந்தோங்குக்கு வந்தது. இப்போது அந்த இடத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. ஓர் ஓரத்தில் வரிசை வீடுகள் கட்டியிருக்கிறார்கள்.

மச்சானின் முதல் நிகழ்ச்சி ஒரு பள்ளித் திடலில் நடந்தது. தமிழ்நாட்டிலிருந்து ஒரு பாடகரை வரவழைத்திருந்தார். அன்று பிற்பகல்வரை பெர்மிட் கைக்கு வரவில்லை. வாசலில் ஓர் அதிகாரி நின்றுகொண்டு யாரையும் உள்ளே விடவில்லை. பாடகர் விடுதி அறையில் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். வெளியே கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. அப்போது சிறப்பு விருந்தினராக அழைக்கப்பட்டிருந்த உள்ளூர்ப் பிரமுகர் காரிலிருந்து இறங்கி, அந்த அதிகாரியின் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப்போய் ஏதோ பேசினார். இருவரும் சிரித்தார்கள். வாசல் திறந்தது.

இந்தக் கதையை மச்சான் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் கடைசியில் ஒன்றையே சொல்வார்: "ஆளு வந்து ஒக்காந்தாதான் மாப்பிள்ளே நம்ம நிகழ்ச்சி நம்மளுது. அதுவரைக்கும் இல்ல."

அதற்குப் பிறகு பேராக் மாநிலத்தில் தமிழ்க் கச்சேரி என்றால் அவர்தான் என்று ஒரு காலம் இருந்தது. விமான நிலையத்தில் மாலையோடு நிற்பார். வாத்தியக்காரர்களில் யார் சைவம், யாருக்குச் சர்க்கரை, யார் பக்கத்து அறையில் யாரை விடக்கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். துணிக்கடைகளிலும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளிலும் டிக்கெட் கொடுத்து வைப்பார். புந்தோங்கில் சுவரொட்டி ஒட்டாத தூண் ஒன்றைக்கூட விடமாட்டார். நான் ஒரு தமிழ் நாளேட்டின் ஈப்போ நிருபர். அவருடைய கச்சேரிகளைப் பற்றி எழுதப் போய், வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த அவருடைய தங்கையைக் கல்யாணம் செய்துகொண்டேன்.

கச்சேரிகளுக்கு நடுவே அவர் நாடகம் போட்டார். கச்சேரிக்கு வந்த கூட்டத்தில் கால்வாசிகூட நாடகத்துக்கு வராது. "கச்சேரி பொழப்பு மாப்பிள்ளே. நாடகம்தான் நானு" என்பார். எல்லா நாடகத்திலும் என் மனைவிக்கு ஒரு வேடம் இருந்தது. பகலில் அவள் புந்தோங்கில் ஒரு கிளினிக்கில் முன்மேசை வேலை பார்த்தாள். நோயாளிகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது அவள் வேலை. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் தே தாரேக் குடித்துக்கொண்டிருப்பவர்கள்கூடத் தங்கள் பேர் கேட்டு எழுந்து வருவார்கள் என்று அங்கே ஒரு கேலி உண்டு. மேடையில் அவளுக்கு மைக் தேவைப்பட்டதில்லை.

குரலில் முதலில் ஒரு கரகரப்பு வந்தது. பிறகு குரல்வளையில் கட்டி என்றார்கள். கதிர்வீச்சுச் சிகிச்சை முடிந்து, குரல் பாதி திரும்பி, நாங்கள் மறக்கத் தொடங்கியிருந்த நேரத்தில் கட்டி மறுபடியும் வந்தது. இந்த முறை குரல்வளையை முழுவதுமாக எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட முடியாது என்று மருத்துவர் சொன்னார். கழுத்தில் ஒரு துளை போட்டு, அதன் வழியாக மூச்சு விட வேண்டியிருக்கும். அவர் படம் வரைந்து காட்டிக்கொண்டிருந்தபோது என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"பேச்சு?"

அவளுடைய சொந்தக் குரல் இருக்காது என்றார். பிறகு பயிற்சியாலோ, கருவி வைத்தோ பேசப் பழகலாம்.

அன்று மாலையே மச்சான் குனோங் ராபாட்டிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். சமையலறையிலிருந்து அவள் கைத்துண்டால் கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள்.

"அண்ணே, எனக்கு ஒன்னு செய்யறியா?"

"சொல்லு தங்கச்சி."

"ஆப்ரேசனுக்கு முன்னால ஒரு நாடகம் போடு. ஒருதரம் மேடையில நின்னு பேசிட்டுப் போயிர்றேன்."

மச்சான் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே வாசலுக்குப் போய், செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு, கேட்டைத் திறந்து வைத்துவிட்டுப் போனார்.

நாடகத்தை அவசரமாக உருவாக்கினார்கள். கதை அவர்களுடைய தோட்டத்துக் கதைதான். தோட்டம் விற்கப்படுகிறது, லயத்தைக் காலி செய்யச் சொல்கிறார்கள். பால் வெட்டும் ஒரு பெண்ணுக்காக எல்லாரும் பேசுகிறார்கள். புருஷன் பேசுகிறான், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பேசுகிறார், சங்கத்து ஆள் பேசுகிறார், ஓட்டுக் கேட்க வந்தவர் பேசுகிறார். அவள் பேசவே இல்லை. கடைசிக் காட்சியில் ஓர் அதிகாரி அவளைப் பார்த்து, "அம்மா, நீங்க ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்கிறார். அப்போது எழுந்து பேசுகிறாள். அதோடு நாடகம் முடிகிறது. இந்த அமைப்பு மச்சானின் யோசனை. அந்தப் பெண்ணாக நடிக்கவிருந்த என் மனைவிக்கு மிச்சம் இருந்த குரல் கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். அதை முழுவதும் கடைசி இடத்துக்குச் சேர்த்து வைத்தார்.

அந்தக் கடைசிப் பேச்சை அவரால் எழுத முடியவில்லை. பெர்மிட்டுக்கு முழு வசனத்தையும் காட்ட வேண்டும் என்பதால் ஏதோ சில வரிகளை எழுதிக் கொடுத்தார். அதைப் படித்துப் பார்த்த என் மனைவி, "இதை நான் பேச மாட்டேன்லா" என்றாள்.

"அப்ப நீயே சொல்லிக்க. நீ என்னா சொல்லுவியோ அதைச் சொல்லு."

அவளும் அதற்கு ஒத்துக்கொண்டாள். ஒத்திகையில் அந்த இடம் வரும்போது எழுந்து நிற்பாள், சற்று நேரம் நின்றுவிட்டு மறுபடி உட்கார்ந்துகொள்வாள். குரலைச் செலவழிக்க மாட்டாள். மற்றவர்கள் "ஆங், பேசியாச்சு, அடுத்து" என்று கேலி செய்துவிட்டு மேடைச் சாமான் வேலையைப் பார்க்கப் போவார்கள். அவள் என்ன பேசப்போகிறாள் என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

போனில் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"போன்கிட்ட என்னாங்க பேசறது? ஆளுங்க ஒக்காந்து கேக்கணும்."

மண்டபத்தைத் தேர்ந்தெடுத்ததும் அவளுக்காகத்தான். மச்சான் வழக்கமாக நிகழ்ச்சி நடத்தும் கோயில் மண்டபங்களிலும் பள்ளி மண்டபங்களிலும் சத்தம் கூரையில் மோதிச் சிதறும். பழைய நகரில் ஒரு சீனச் சங்கத்தின் மண்டபம் இருந்தது. அதன் மேடை மரத்தால் ஆனது. கூரை தாழ்வு. கடைசி வரிசையிலிருந்து ஒருவர் இருமினால்கூட மேடையில் கேட்கும். மச்சான் மேடையில் நின்று மெதுவாகப் பேசிப் பார்த்தார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். ஒவ்வொரு சொல்லும் வந்தது. அந்த வாரத்தில் அவர்களிடம் காலியாக இருந்தது ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மட்டும்தான். ஆறு மணிக்கு இடத்தை விட்டுவிட வேண்டும். மாலையில் அங்கே ஒரு திருமண விருந்து. அறுவைச் சிகிச்சை அதற்கு அடுத்து வரும் வியாழக்கிழமை.

பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடக்கம் என்று அறிவித்தார்கள். அன்று வழக்கத்துக்கு மாறாக எல்லாரும் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். எதற்காக இந்த நாடகம் என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. பழைய தோட்டத்துக் குடும்பங்கள் வேன் பிடித்து வந்திருந்தன. கிளினிக்கின் நோயாளிகளில் பலர் வந்திருந்தார்கள். இரண்டு மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் மட்டும் வெள்ளை உறை போட்ட நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. சிறப்பு விருந்தினராக அரசுப் பட்டம் பெற்ற ஒரு டத்தோவை அழைத்திருந்தார் மச்சான்.

நான் மேடைக்குப் பின்னால் போனேன். என் மனைவி பால் வெட்டுக்காரியின் உடையில், முழுக்கைச் சட்டையும் கைலியுமாக, தலையில் துணி கட்டி, கவிழ்த்து வைத்த பால் வாளியின் மேல் உட்கார்ந்திருந்தாள். சில நாட்களாகவே வாயைத் திறக்காமல் இருந்தாள். மணிக்கட்டைத் தட்டிக் காட்டி என்னைக் கேட்டாள். நான் மச்சானைத் தேடிப் போனேன். அவர் வாசலில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மச்சான், ஆரம்பிச்சிருங்க."

"டத்தோ டோல் தாண்டிட்டாராம் மாப்பிள்ளே. அஞ்சு நிமிசம்லா."

"ஆறு மணிக்கு எடத்தை விடணும்."

"எந்த மண்டபத்துல நம்மள வெளிய தள்ளியிருக்கான்? அரை மணி முன்ன பின்ன ஆவும். எங்க போனாலும் அதானே நடக்குது."

அது உண்மைதான். கோயில் மண்டபமானாலும் பள்ளி மண்டபமானாலும் சாவி வைத்திருப்பவர் நம் ஆளாக இருப்பார். அவரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் நேரம் முடியும். மச்சான் அறிந்த உலகம் அதுதான்.

அரை மணி நேரம் கழித்து மறுபடியும் போனேன். இந்த முறை கொஞ்சம் குரலை உயர்த்தினேன்.

"யாருக்காக இந்த நாடகம் போடறீங்க?"

"தங்கச்சிக்காகத்தான்! அதனாலதான் சொல்றேன். நாளைக்குப் பேப்பர்ல படம் வரும்போது முன்னால ஆளு இல்லாம, என்னமோ அனாதைப் புள்ள கூத்து மாதிரி இருக்கணுமா? அவளுக்கு ஒரு மரியாதை வேணாமா?"

அவர் கண் கலங்கியிருந்தது. நான் மேடைக்குப் பின்னால் திரும்பிப் போனேன்.

டத்தோ வந்து இறங்கியபோது இரண்டாம் முறை குழைத்து வைத்த சந்தனமும் காய்ந்திருந்தது. நாதஸ்வரம் வாசித்து, மாலை போட்டு, பன்னீர் தெளித்து அழைத்து வந்தார்கள். அவர் களைத்துப்போயிருந்தார். தைப்பிங்கில் ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டு, வழியில் உறவினர் வீட்டில் குளித்து உடை மாற்றி வந்ததாகச் சொன்னார். நிறைந்த மண்டபத்தையும் மூடிய திரையையும் பார்த்து நின்றுவிட்டார்.

"எனக்காகவா நிறுத்தி வெச்சிருக்கீங்க? ஆரம்பிச்சிருக்கலாமேயா!"

"அது எப்டிங்க டத்தோ" என்றார் மச்சான்.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். தேவாரம் பாடினார்கள். வரவேற்புரை நடந்தது. பொன்னாடைகள் போர்த்தினார்கள்; போர்த்தியவருக்குப் போர்த்தப்பட்டவர் ஒன்று போர்த்தினார். டத்தோ சுருக்கமாகத்தான் பேசினார். ஆனால் அவருக்கு முன்னால் அவரைப் பற்றிப் பேசியவர்கள் அப்படிப் பேசவில்லை. திரை விலகியபோது நான்கு மணியை நெருங்கியிருந்தது.

நேரம் போதாது என்பது மச்சானுக்கு ஐந்து மணி வாக்கில்தான் உறைத்தது. மேடையின் பக்கவாட்டில் நின்று, அடுத்த காட்சிக்குப் போகக் காத்திருந்த மண்டோர் வேடக்காரரிடம் அந்தக் காட்சியைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். மண்டோர் திகைத்தார்.

"அண்ணே, எம் பொண்டாட்டி வீட்டு ஆளுங்க ஒரு வரிசையே வந்து ஒக்காந்திருக்காங்க. எனக்கு இருக்கறதே இந்த ஒரு சீனுதான். மத்தவன்கிட்ட சொல்லுங்கண்ணே."

மற்றவர்களிடமும் சொல்லிப் பார்த்தார். யாருக்கும் சம்பளம் கிடையாது. எல்லாருக்கும் உறவினர் வந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு வரி குறைத்தார்கள்.

ஆறு மணிக்கு மண்டபக் காவலர் மேடையின் பக்கவாட்டுக்கு வந்தார். வயதான சீனர். கையில் சாவிக்கொத்து இருந்தது.

"போஸ், சுடா அனாம் லா" என்றார். ஆறு ஆகிவிட்டது. பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே விருந்துக்காரர்கள் மேசைகளோடு வந்து நின்றிருந்தார்கள். மச்சான் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "செபெந்தார் பாங், செபெந்தார்" என்றார். கொஞ்ச நேரம் மட்டும். என் மனைவியைக் காட்டி, தன் தொண்டையைத் தொட்டு, மலாயில் ஏதேதோ சொன்னார். காவலர் எட்டி மேடையைப் பார்த்தார். வாளியின் மேல் பேசாமல் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தார். பிறகு பத்து விரலையும் விரித்துக் காட்டினார். அதற்கு மேல் அவராலும் தர முடியாது. வெளியே நிற்பது மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள்.

அந்த நேரத்தில் மேடையில் ஓட்டுக் கேட்க வந்தவர் பேசிக்கொண்டிருந்தார். ஒரு பக்க வசனம் மட்டும் பேச வேண்டியவர். முன்வரிசையில் டத்தோ வாய்விட்டுச் சிரிப்பதைப் பார்த்ததும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. எழுதாததெல்லாம் பேசினார். தார் ரோடு போடுகிறேன் என்றார், நிலாவுக்கும் போடுகிறேன் என்றார். மண்டபம் அதிர்ந்தது. மச்சான் பக்கவாட்டிலிருந்து கையால் கழுத்தை அறுப்பதுபோலக் காட்டினார். அவர் அதைப் பார்த்துவிட்டு, அதையும் நகைச்சுவை ஆக்கினார்.

கடைசியில் அதிகாரி வந்தார். என் மனைவியைப் பார்த்துத் திரும்பினார்.

"அம்மா, நீங்க ஏதாச்சும் சொல்லணுமா?"

அவள் வாளியிலிருந்து எழுந்தாள். தலைத்துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டாள். முன்மேடைக்கு வந்து நின்று மண்டபத்தை ஒருமுறை பார்த்தாள். மூச்சை இழுத்ததில் தோள் உயர்ந்தது. நான் பக்கச் சுவரை ஒட்டி நின்றிருந்தேன். அங்கிருந்து அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

மண்டபத்து விளக்குகள் அத்தனையும் எரிந்தன. மேடை விளக்கு அணைந்தது. பக்கவாட்டுக் கதவு திறந்து முதல் வட்ட மேசை, செங்குத்தாக நிறுத்தப்பட்டு, சக்கரம்போல உருண்டு உள்ளே வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. உருட்டி வந்த இளைஞர்கள் மக்கள் இன்னும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தயங்கி நின்றார்கள்.

மக்கள் கை தட்டினார்கள்.

நாடகம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். கடைசிவரை பேசாத பெண், பேசச் சொல்லிக் கேட்டும் பேசாமல் நிற்கிறாள், விளக்கு எரிகிறது. அது ஒரு முடிவாகத்தான் தெரிந்தது. தோட்டத்திலிருந்து வந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். அவள் கைதட்டல் ஓயட்டும் என்று காத்து நின்றாள். அவள் குரல் அந்தச் சத்தத்துக்கு மேல் எழக்கூடிய குரல் அல்ல. கைதட்டல் ஓய்ந்தபோது நாற்காலிகளை நகர்த்தும் சத்தம் தொடங்கியிருந்தது. டத்தோ மேடைக்கு ஏறி வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"பேசாமலே பேசிட்டீங்கம்மா" என்றார். அவர் மனமாரத்தான் சொன்னார். படம் எடுப்பதற்காக எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்தார்கள். அவளை நடுவில் நிறுத்தினார்கள்.

மச்சான் படத்தில் இல்லை. அவரைத் தேடிப் பின்கதவுப் பக்கம் போனேன். பின்னால் இருந்த சந்தில், போர்த்தாமல் மிஞ்சிய பொன்னாடைகளின் பையை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அவளும் வந்தாள். நடிகர்கள் பின்னால் வந்து நின்றார்கள்.

"தங்கச்சி, இங்கயே சொல்லும்மா. நாங்க கேக்கறோம். எல்லாம் இங்கதான் இருக்கோம்."

அவள் வேண்டாம் என்று தலையை அசைத்தாள். பொன்னாடைப் பையை அவர் மடியிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, அவருடைய முழங்கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள்.

இரண்டு நாளில் நாளேட்டில் செய்தி வந்தது. என்னோடு வேலை பார்த்த இளையவர் ஒருவர் எழுதியிருந்தார். இறுதிவரை ஒரு சொல்லும் பேசாமல், கடைசியில் பேச வாய்ப்புக் கிடைத்தும் மறுத்து நின்ற அந்தப் பாத்திரத்தைப் பாராட்டியிருந்தார். தயாரிப்பாளரின் துணிச்சலான முடிவு என்று ஒரு வரி. நல்ல செய்தி. எழுத்துப் பிழை இல்லை. நான் அதை மடித்து அலமாரியின் மேல் வைத்தேன். அவள் எடுத்துப் படித்துவிட்டு, அதில் வெங்காயத் தோலைச் சுற்றிக் குப்பையில் போட்டாள்.

அந்த மூன்று நாளில் அவள் குரலைச் சேமிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் மழை வருகிறது, துணியை எடு என்றாள். கேஸ் கொண்டுவந்தவனிடம் போன தடவை கொண்டுவந்த சிலிண்டர் கசிந்தது என்று சண்டை போட்டாள். கிளினிக்குக்குப் போன் செய்து, எந்தக் கிழவருக்கு எந்த நாள் வரச் சொல்ல வேண்டும் என்று புதிய பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தாள். குரல் கிழிந்து கிழிந்து வந்தது. ஒரு சமயம் நான் கேட்டேன்.

"அன்னைக்கு என்ன சொல்றதா இருந்தே?"

"விடுங்க."

"எங்கிட்டயாச்சும் சொல்லேன்."

"ஒங்ககிட்ட சொல்றதா இருந்தா எதுக்குங்க மண்டபம்?"

புதன்கிழமை வார்டில் சேர்த்தோம். மாலையில், பார்வையாளர் நேரத்தில், மச்சான் நடிகர்கள் எல்லாரையும் அழைத்து வந்துவிட்டார். மண்டோர் ஆரஞ்சு வாங்கி வந்திருந்தார். எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த மலாய்ப் பெண்மணி எழுந்து உட்கார்ந்து பார்த்தார்.

"என்னா, தீபாவளியா? எல்லாரும் வந்திருக்கீங்க" என்றாள் என் மனைவி.

மச்சான் அவள் காலருகில் வந்தார். பேச்சைத் தயார் செய்துகொண்டு வந்திருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"தங்கச்சி, தப்பு எம்மேலதான். இப்ப சொல்லிரு. நான் கேக்கணும்."

அவள் தலையணையை நிமிர்த்திச் சாய்ந்துகொண்டாள்.

"அண்ணே, அது அந்தப் பொம்பள பேசறது. அவ ஊருக்கு முன்னால நின்னு பேசறா. இங்க கட்டில்ல படுத்துக்கிட்டுப் பேசுனா அது வேற." பிறகு மண்டோரைப் பார்த்து, "ஒன் மாமியா என்னாய்யா சொன்னாங்க? நடிப்பு பிடிச்சிருந்திச்சா?" என்று கேட்டாள்.

"தூங்கிட்டாங்கக்கா" என்றார் மண்டோர். அவள் சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்து, தாதி எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலையில் தள்ளுவண்டி வந்த பிறகுதான் மச்சான் ஓடி வந்தார். கார் நிறுத்த இடம் கிடைக்கவில்லை என்று மூச்சு வாங்கினார். நேற்றைய சட்டையிலேயே இருந்தார். அவள் படுத்தபடி தலையைத் திருப்பினாள்.

"பசியாறிட்டியாண்ணே?"

"ஆச்சு. வர்ற வழியில ரோத்தி சாப்ட்டேன்."

"பொய் சொல்லாத" என்றாள்.

வண்டி நகர்ந்தது. அதுதான் அவள் சொந்தக் குரலில் கடைசியாகப் பேசியது. நான் இரண்டு அடி தள்ளி நின்றிருந்தேன்.

இப்போது அவள் கழுத்தில் ஒரு சிறு கருவியை வைத்துப் பேசுகிறாள். குரல் ஒரே சுருதியில், மின்விசிறி இரைச்சல்போல வரும். பழகியவர்களுக்குப் புரியும். சந்தைக்குப் போகிறாள், பேரம் பேசுகிறாள். கிளினிக் வேலையை மட்டும் விட்டுவிட்டாள். மச்சான் அதற்குப் பிறகு கச்சேரியோ நாடகமோ நடத்தவில்லை. பாடகர்களின் ஆட்கள் கூப்பிட்டால் வேறொருவருடைய போன் எண்ணைக் கொடுத்துவிடுகிறார். சுவரொட்டி ஒட்டிய வேன் அவருடைய வீட்டுக்கு முன்னால் துருப்பிடித்து நிற்கிறது.

ஆனால் அவர் ஒரு கதை சொல்லத் தொடங்கினார். முதலில் ஒரு கருமாதி வீட்டில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். பிறகு ஒரு வளைகாப்பில் நானே கேட்டேன். அறுவைச் சிகிச்சைக்கு முதல் நாள் மாலை, வார்டில், அவள் கட்டிலைவிட்டு இறங்கி நின்று அந்தக் கடைசிக் காட்சியை முழுதாகப் பேசினாளாம். தாதிகள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்களாம். பக்கத்துக் கட்டிலிலிருந்த மலாய்ப் பெண்மணி மொழி புரியாமலே அழுதாராம். பேச்சையும் சொன்னார். லயத்தைப் பற்றி, அதிகாலை மரக்காட்டைப் பற்றி, அங்கே புதைத்த பிள்ளைகளைப் பற்றி. நாடகத்துக்காக அவரால் எழுத முடியாமல் போன பேச்சு அது. நன்றாகவே இருந்தது. கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அடுத்த வீட்டில் சொல்லும்போது வேறு வரிகள் வந்தன. அவையும் நன்றாக இருந்தன.

அவர் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு இப்போது அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது என்று நினைக்கிறேன். செய்தி எழுதிப் பழகியவன் என்பதால் நடந்தது எது என்பதை ஓரிடத்தில் சொல்லிவைக்க வேண்டும் என்று தோன்றியது. வார்டில் அவள் அந்தப் பேச்சைப் பேசவில்லை.

போன மாதம் எங்கள் வீட்டிலேயே அவர் அதைச் சொன்னார். பழைய தோட்டத்துக் குடும்பம் ஒன்று கல்யாணப் பத்திரிகை வைக்க வந்திருந்தது. கதை முடிந்ததும் எல்லாரும் என் மனைவியின் பக்கம் திரும்பினார்கள். மச்சானும் திரும்பினார். அவள் இருப்பதை அப்போதுதான் கவனித்தவர்போல அவர் முகம் மாறியது.

அவள் கருவியை எடுத்துக் கழுத்தில் வைத்தாள். அவளால் இப்போது எதையும் சொல்ல முடியும். நடக்கவில்லை என்று சொல்லலாம். உண்மையில் என்ன பேச நினைத்தாள் என்பதையும் சொல்லலாம். கேட்க ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"வடை ஆறிப்போவுது" என்றாள். "எடுத்துக்குங்க."